தொண்ணூற்றாறு சென்டிமீட்டர்

உம்கேனி சாலைக் கடைக்குள்
அளவு நாடாவோடு நுழைந்தேன்.
ஃபானி என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்,
கணவர் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறாரா என்று.
நிறுத்தியதே நான்தான்.
இரண்டு பாதமும் ஒருசேரத் தரையில் படியாத
இருநூற்றுப் பத்துக் கிலோ.

சுவர் முழுக்கப் பெட்டிகள்.
அலுமினியம் முப்பத்தேழு லிட்டர், அலுமினியம் நாற்பத்தைந்து,
மூலை மழுங்கிய கறுப்பு பிளாஸ்டிக்.
ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டி
வரன் சொல்வதுபோலச் சொன்னார்:
இது விழுந்தால் நசுங்கும்,
கல்லால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம்.
இது விழுந்தாலும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்,
பிறகொரு குளிர்காலையில்
சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும்.

இரண்டாவது வகையோடு
பதினொரு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்.
அலுமினியம் என்றேன்.

மேலே திறப்பதா, பக்கவாட்டில் திறப்பதா?
பக்கவாட்டில் திறந்தால்
லெசோத்தோ எல்லையில் அதிகாரி முன்னால்
உள்பாவாடைதான் முதலில் குதிக்கும்.
மேலே திறந்தால்
தேடுவது எப்போதும் அடியில் கிடக்கும்.
மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள்,
எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிச் சொல்வேன்.
மேலே திறப்பது.

கொண்டுபோன பையைக் கவிழ்த்து
உள்ளே அடுக்கிப் பார்த்தேன்:
ட்யூப் இரண்டு, பம்பு, மழைக்கோட்டு,
புளிக்காய்ச்சல் டப்பா,
இன்சுலினுக்கான குளிர்ப்பை.
ஃபானி எதுவும் கேட்கவில்லை.
தன் சட்டைப்பையை ஒருதரம் தொட்டுக்கொண்டார்.

நான்கு பூட்டுக்கும் ஒரே சாவியா?
தாங்கும் குழாய் பதினெட்டு மில்லிமீட்டரா?
கரூ மண்சாலையின் அலைமடிப்பில்
எத்தனை திருகு கழலும்?
அவர் இப்போது என் தோளுக்குப் பின்னால் பார்ப்பதில்லை.
பட்டறைப் பக்கம் திரும்பி ம்தொகோசிசியைக் கூப்பிட்டார்.

அவன் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான்.
கெண்டைக்காலில் நீளமாய் ஒரு தழும்பு.
மா, என்றான்
(எங்கள் இரண்டு பேர் மொழியிலும் செல்லுபடியாகிற ஓரெழுத்து).
மணலில் தடுமாறும்போது காலை ஊன்றிவிடாதீர்கள்.
பெட்டி பின்னாலிருந்து வந்து காலின்மேல் உட்காரும்.
நாம் காசு கொடுப்பது பெட்டிக்கு,
அகலம் இலவசம்.

அகலம்!
நாடாவை இழுத்தேன், இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை.
தொண்ணூற்றாறு.
சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுச் சந்தின் இரும்புக் கேட்
தொண்ணூற்று நான்கு.

கப்பலில் வந்த தகரப்பெட்டி ஒன்று
எல்லார் வீட்டுக் கதையிலும் உண்டு.
அதை இதற்குள் இழுக்கக்கூடாது என்று
வரும்போதே முடிவு செய்திருந்தேன்.
இது நான் கட்டி, நான் ஏற்றி,
நானே திரும்பக் கொண்டுவரப்போகிற பெட்டி.

விலை கேட்டேன்.
ஜோடியாகத்தான் கொடுப்போம் என்றார்.
ஜோடி.
கொஞ்சநேரம் இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம்.
பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்தார்.
காட்சிக்கு வைத்திருந்தது, ஒரு மூலை சப்பை,
இணையை யாரோ போன வருஷமே வாங்கிப் போய்விட்டார்கள்.
பாதிக்கும் குறைவான விலை.

சைலன்ஸர் இல்லாத இடப்பக்கம்
ம்தொகோசிசி மாட்டிக் கொடுத்தான்.
வண்டி ஒரு காது கேளாதவர்போல
அந்தப் பக்கமே சாய்ந்தது.
வழியில் நிறுத்தி, பத்துக் கிலோ சோளமாவு வாங்கி
வலப்பக்கக் குழாயில் கயிறு போட்டுக் கட்டினேன்.

கேட்டில் நுழையும்போது மூச்சை இழுத்துப் பிடித்தேன்,
வண்டிக்கும் சேர்த்து.
நுழைந்துவிட்டோம்.
மாவுப்பை மட்டும் கொக்கியில் உரசிக் கிழிந்து
சந்து நெடுக ஒரு வெள்ளைக்கோடு.

செப்டம்பரில் சானி கணவாய்.
அதற்குள் வலப்பக்கத்துக்கு ஒரு வழி பார்க்கணும்.
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு
அந்தச் சப்பை மூலையைத் தடவிப் பார்த்தேன்.
சாலையையே பார்க்காத பெட்டி.
காட்சிக்கு வைத்ததும்
எங்கேயோ ஒருமுறை விழுந்திருக்கிறது.